முழுதாகப் பார்த்தவர் ஒருவர்

ஜூலை 22, திங்கள்

இன்றிலிருந்து கம்பெனியின் விளம்பரப் பொறுப்பு என் தலையில். "நீதான் நாள் பூராப் போனை நோண்டீட்டு இருக்கறே, நீயே பாரு" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான் போனை நோண்டுவது, 'கல்லு சுத்துது, மாவு அரைய மாட்டேங்குது' என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடம் ஆகியும் ஆறுச்சாமிக்கு அது தெரியவில்லை.

முன்பெல்லாம் தீபாவளிக்கு முன் பேப்பரில் கால் பக்கம், எஃப்.எம்.மில் ஒரு பாட்டு, அவ்வளவுதான். போன வருடம் இரண்டும் எடுபடவில்லை. கோவை கணபதியில் எங்கள் தெருவிலேயே நாலு கிரைண்டர் கம்பெனி. எல்லாரும் சமூக ஊடகத்துக்குப் போய்விட்டார்கள். ஆகவே செப்டம்பர் முடிய ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போட்டுப் பார்ப்பது, எது அதிகம் பேரிடம் போகிறது, எதில் ஆர்டர் வருகிறது என்று ஒப்பிடுவது, தீபாவளிக்கு அந்த ஒன்றில் மட்டும் இறங்குவது என்று முடிவு.

கம்பெனியின் பெயர் மிதுனா கிரைண்டர்ஸ். எங்கள் ஒரே பெண்ணின் பெயர். அவள் பிறந்த வருடம் ஆரம்பித்தது. அவள் இரண்டு வருடத்துக்கு முன் எங்களைக் கேட்காமல் வேறு சாதி ஆட்களில் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கம்பெனிப் பெயரை மாற்றலாமே என்று என் தம்பி கேட்டதற்கு, "ஐஎஸ்ஐ, ஜிஎஸ்டி, டீலர் போர்டு எல்லாம் மாத்தோணும், லேசுப்பட்ட வேலையா?" என்றார். நியாயம்தான்.

இது மேஜைமேல் கிடக்கும் ஆபீஸ் டைரி. டீலர் நம்பர் தேடி அவரும் புரட்டுவார். ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

ஜூலை 24, புதன்

விளம்பரம் செய்து தருகிற நஸ்ரின் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூன்று நகைக்கடைக்கும் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கும் செய்கிறாளாம். நிறைய வரைபடம் காட்டினாள். தலை சுற்றியது. "ஒரு வரில சொல்லு கண்ணு" என்றேன்.

"ஃபேஸ்புக்ல மாமியாருங்க இருக்காங்க மேடம். இன்ஸ்டாகிராம்ல மருமகளுங்க. யூடியூப்ல ரெண்டு பேரும் இருக்காங்க, ஆனா அஞ்சு செகண்டுல தாண்டிப் போயிருவாங்க. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல உங்களுக்குத் தெரிஞ்சவங்க மட்டுந்தான்."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது. கிரைண்டருக்குக் காசு கொடுப்பது மாமியார், எந்தக் கம்பெனி என்று சொல்வது மருமகள். அதனால் எதையும் விடாமல் எல்லாவற்றிலும் போடச் சொன்னேன். எனக்கும் ஆறுச்சாமிக்கும் உள்ளே போய்க் கணக்குப் பார்க்கும் அனுமதி கொடுத்திருக்கிறாள். அவர் போனில் அந்த ஆப்பைப் பதிவிறக்கம் செய்ய முக்கால் மணி நேரம் ஆனது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. பட்டறை லீவு. தம்பி மனைவி திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். அவர் வெளியே போனதும் அடுப்படிக்கு வந்து காதோடு சொன்னாள்.

"உங்க புள்ள முழுகாம இருக்கறாளாமா. அஞ்சு மாசம். எங்க பக்கத்தூட்டுப் பையன் ஓசூர்ல ஒரு ஆஸ்பத்திரில பாத்தானாமா."

"ஓசூர்லயா?"

"அங்கதான் அந்தப் பையனுக்கு வேலையாமா. எந்தத் தெருவுன்னு தெரியலீங்."

அடுப்பில் தேங்காய்ப்பால் திரிந்துபோனது. மறுபடி பிழிந்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நஸ்ரினிடம் பேசினேன். கோவை, திருப்பூர், ஈரோட்டோடு ஓசூரையும் சேர்க்கச் சொன்னேன். ஓசூர் தொழில் ஊர். புதுக் குடித்தனங்கள் அதிகம். புதுக் குடித்தனம் என்றால் கிரைண்டர் வேண்டும். சேர்த்ததற்கு இதுதான் காரணம்.

ஓசூருக்கு மட்டும் தனியாக ஒரு விளம்பரம், இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும். யார் பார்க்க வேண்டும் என்று நாமே கட்டம் கட்டமாகத் தேர்ந்தெடுக்கலாம். பெண்கள். தமிழ் தெரிந்தவர்கள். வயது இருபத்தேழு. சொந்த ஊர் கோவை. இன்ன கல்லூரியில் படித்தவர்கள். கர்ப்ப காலக் குறிப்புகள் படிக்கிறவர்கள்.

"மேடம், எத்தனை பேருக்குப் போகும்னு காட்டற முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. வட்டம் ரொம்பச் சின்னது. நாப்பது பேர்கூடத் தேறமாட்டாங்க" என்றாள்.

"இருக்கட்டும். சின்ன வட்டத்துல எப்படிப் போவுதுன்னு பார்க்கோணும்."

பிறகு ஒரு பேச்சுக்குக் கேட்டேன். ஒருத்தரை நம் நம்பரிலிருந்து கூப்பிட முடியாதபடி அவர்கள் தடுத்து வைத்திருந்தால் விளம்பரமும் போகாதா என்று. கம்பெனிப் பக்கத்திலிருந்து போவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, போகும் என்றாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நல்ல பெண், மேலே எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீடியோ எடுத்தார்கள். ஒரு மாடல் பெண்ணைப் போடலாம் என்றாள் நஸ்ரின். நானே நிற்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "இந்த வயசுல நடிகையாகப் போறியா?"

இட்லி மாவு எல்லாரும் காட்டுவார்கள், உளுந்தங்களிக்கு அரைத்துக் காட்டலாம் என்று சொன்னேன். கறுப்பு உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அளவாகக் கொடுக்கலாம். நஸ்ரின் எழுதி வந்ததில் இது இல்லை. "இட்லிதான் மேடம் ஓடும்" என்றாள். கிரைண்டர் யாருடையது என்று கேட்டேன். சரி என்றுவிட்டாள்.

முப்பது செகண்டு வீடியோவுக்குப் பதினோரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் வரியே "மிதுனா" என்றுதான் ஆரம்பிக்கிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் இருமல் வந்துவிட்டது. மழைக்காலம், ஆள் மாற்றி ஆளுக்குச் சளி. இரண்டு வருடம் கழித்துச் சத்தமாகச் சொன்னேன். எட்டாவது தடவையில் அவர் எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார். அங்கே ஏதோ மோட்டார் சத்தம் சரியில்லையாம்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஃபேஸ்புக்கின் முதல் வாரம். பதினாறாயிரம் பேரிடம் போயிருக்கிறது. நூற்று நாற்பது கருத்து. "சூப்பர் அக்கா", "வாழ்க வளமுடன்", "வசந்தாமணி, நீ எங்க கூட எட்டாம் வகுப்புப் படிச்சவளா?" ஆர்டர் ஆறு. ஆறில் இரண்டு என் சித்தி மகள்கள்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்: பார்த்தவர் இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் டீலர்களும் சொந்தக்காரர்களும். ஊரே சொந்தம் என்றாலும் வாங்குகிறவன் எல்லாம் ஏற்கெனவே வாங்கியவன். இதில் விளம்பரச் செலவில்லை, விற்பனையும் இல்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

யூடியூப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஒரு லட்சத்து எண்பதாயிரம். மலேசியாவிலிருந்து ஒரு அம்மாள் கருப்பட்டி எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வந்த டீலரிடமெல்லாம் போனை நீட்டுகிறார். "எங்கூட்டுக்காரி" என்று சொல்லிக் காட்டுகிறார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

நஸ்ரின் மட்டும் நிதானம். பார்த்ததில் நூற்றுக்கு எண்பது பேர் ஐந்தாவது செகண்டில் தாண்டிவிடுகிறார்களாம். "எத்தனை பேருக்குப் போச்சுங்கறதவிட எத்தனை பேர் முழுசாப் பாத்தாங்கங்கறதுதான் மேடம் முக்கியம். முழுசாப் பாக்கறவங்கதான் வாங்குவாங்க."

ஆகஸ்ட் 29, வியாழன்

ஓசூர்க் கணக்கு வந்தது. மொத்தம் முப்பத்தெட்டுப் பேரிடம் போயிருக்கிறது. ஆர்டர் இல்லை. கருத்து இல்லை. விசாரிப்பு இல்லை. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு கணக்கு. முழுதாகப் பார்த்தது, நாள்வாரியாக: ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று.

"தெனமும் ஒருத்தரேவா?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க மேடம். ஆளு யாருன்னு காட்டாது. ஒரே ஆளாவும் இருக்கலாம், வேற வேற ஆளாவும் இருக்கலாம்."

வேறு வேறு ஆளாகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 2, திங்கள்

ஒன்று.

செப்டம்பர் 3, செவ்வாய்

ஒன்று. சேலம் டீலர் டேபிள் டாப் நாற்பது கேட்டார். லாரி வியாழன்.

செப்டம்பர் 5, வியாழன்

இரண்டு. ஒருவேளை மறுபடி போட்டுப் பார்த்திருக்கலாம். பொதுவாகச் சொல்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

மூன்று நாளாகப் பூஜ்யம். காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்க்கிறேன். ஆறு மாதம் முடிந்திருக்கும். ஆறாவது மாதத்தில் எனக்குக் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நஸ்ரினைக் கூப்பிட்டு விளம்பரம் சரியாகப் போகிறதா என்று கேட்டேன். போகிறது என்றாள். சுந்தராபுரம் வாடிக்கையாளர் ஒருத்தரிடம் சின்ன விஷயத்துக்குச் சத்தம் போட்டுவிட்டேன். மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஒன்று. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

செப்டம்பர் 20, வெள்ளி

இன்று ஆபீசில் விவாதம். நஸ்ரின் ஒப்பீட்டை ஒரே தாளில் எழுதி வந்திருந்தாள். யூடியூப்: அதிகம் பேர், தூரத்து ஆர்டர். இன்ஸ்டாகிராம்: குறைவான பேர், ஆனால் விசாரித்தால் வாங்குகிறார்கள். ஃபேஸ்புக்: பாராட்டு. ஓசூர்: ஒன்றுமில்லை.

"தீவாளிக்கு யூடியூப் மட்டும் போதும். மத்ததெல்லாம் நிறுத்தீரு" என்றார்.

"இன்ஸ்டாகிராமும் இருக்கட்டுங்க. ஓசூர்லயும் இருக்கட்டும்."

"ஓசூர்ல ஒரு கிரைண்டர் விக்கலையே. நாப்பது பேருக்குக் காட்டறதுக்கு ஒரு வெளம்பரமா? ஓசூர்ல யாரு இருக்கறா?"

நஸ்ரின் தாளைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மாசம் முடிய ஓடட்டுங்க. பொறவு பார்த்துக்கலாம்" என்றேன். "என்னமோ பண்ணு" என்று எழுந்து போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. பத்து நாள்தான் இருக்கிறது. நிறுத்திவிட்டால் அப்புறம் அவளிடம் போக எனக்கு வேறு வழியில்லை.

எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

எழுதியதை எழுதியாயிற்று. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு அவள் ரிஜிஸ்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். பதினொன்றரை மணி. "அம்மா, கல்யாணம் ஆயிருச்சும்மா. உங்கிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றாள். அவர் எதிரே நின்றிருந்தார். "இனிமே இங்க கூப்படாதே" என்று சொல்லிப் போனை வைத்தேன். மறுநாள் நான் கூப்பிட்டபோது போகவில்லை. எதிலும் போகவில்லை. அவளுடைய சிநேகிதிகள் யாரும் முகவரி சொல்லவில்லை. அவள் சொல்ல வேண்டாம் என்றிருப்பாள். என்மேல் தவறு. எனக்கு என் பெண்ணைப் பார்க்க வேண்டும். ஏழாம் மாதம் அவள் கைக்கு வளையல் போட ஆளில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

நேற்றோடு ஓசூர் விளம்பரம் நின்றிருக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

நிற்கவில்லை. தீபாவளி வரைக்கும் நீட்டியிருக்கிறது. நஸ்ரின்தான் செய்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு வரைபடத்தைப் பார்த்தேன். நான் வைத்தபோது ஓசூர் முழுதும் ஒரு பெரிய வட்டம் இருந்தது. இப்போது அது சுருங்கி, ஒரு கிலோமீட்டர். அதற்குக் கீழே அது விடாதாம். வட்டத்தின் நடுவில் குத்தியிருந்த குண்டூசி பஸ் நிலையத்திலிருந்து நகர்ந்து, பாகலூர் சாலைக்கு உள்ளே ஒரு தெருமுனையில் நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். தெருவின் பெயரும் ஒரு அடுக்குமாடிக் கட்டடமும் தெரிந்தன.

யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. நஸ்ரின் முதல் நாளே காட்டியிருந்தாள். திறந்தேன்.

மாற்றியவர்: ஆறுச்சாமி. நேற்று, பகல் 3.10.

நேற்று மூன்று மணிக்கு அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரிக்கெட் என்று நினைத்தேன். இந்த டைரியும் மேஜைமேல்தான் கிடந்தது.

அக்டோபர் 2, புதன்

லீவு. இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மத்தியானம் கத்தரிக்காய் பொரியல் நன்றாக இருக்கிறது என்றார். இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

அக்டோபர் 4, வெள்ளி

ஆயுத பூஜைக்குப் பட்டறை கழுவ ஆள் சொல்லியாயிற்று. சாயந்திரம் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கெழம ஓசூர் போவோணும். ஒரு கிரைண்டருக்கு ஃப்ரீ சர்வீஸ் பாக்கி இருக்குது."

"சர்வீசுக்கு ஓனரே போறதுங்களா?"

"கஸ்டமர் கஸ்டமர்தான். நீயும் வர்றியா?"

"வர்றேனுங்க" என்றேன். காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வளையல் கடைக்கு நாளை காலை போக வேண்டும். அளவு தெரியாது. கை கொஞ்சம் பூசியிருக்கும்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஓசூரிலிருந்து வந்து எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பவானி தாண்டியதும் அவரே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "வாரண்டி கார்டு வந்துச்சு" என்றார்.

அவள் ஓசூர்க் கடை ஒன்றில் நம் கிரைண்டரைத்தான் வாங்கியிருக்கிறாள். வாரண்டி அட்டையில் பெயர், முகவரி, நம்பர் எல்லாம் அவள் கையெழுத்திலேயே எழுதி, கம்பெனிக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். இப்போதெல்லாம் யாரும் அதைத் தபாலில் அனுப்புவதில்லை. தை மாதம் வந்ததாம்.

"தையிலயா? ஒம்போது மாசமுங்க."

"ம்."

"ஏனுங்க சொல்லல?"

"நீ கேக்கலியே."

"உங்ககிட்ட வந்து கேக்கறதுக்கு எனக்கென்ன சோசியமா தெரியும்?" என்று கத்திவிட்டேன். எனக்கு அப்படிக் கோபம் வந்து பல வருடமாகிறது. கிணற்றில் போட்ட கல்லாக வைத்திருந்திருக்கிறார். அவள் எங்களைத் தேடி அனுப்பியது சட்டைப்பைக்குள் கிடந்திருக்கிறது, நான் முப்பத்தெட்டுப் பேரில் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டியை நிறுத்தச் சொன்னேன். சங்ககிரிக்கு முன்னால் ஒரு டீக்கடை. இறங்கிப் போய்த் தனியாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் டீ வாங்கி வந்து பெஞ்சில் வைத்துவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு வண்டியில் ஏறினேன். பெண்ணைப் பார்க்கப் போகிற வழியில் எத்தனை நேரம்தான் கோபித்துக்கொள்வது.

மூன்றாவது மாடி. அவர் கையில் டூல்ஸ் பெட்டி. அவள்தான் கதவைத் திறந்தாள். கன்னமெல்லாம் ஊதி, வயிறு நன்றாகத் தெரிந்தது. எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழியும் விடவில்லை, கதவையும் சாத்தவில்லை.

"மிதுனா கிரைண்டர்ஸ்ல இருந்து வர்றோமுங்க. ஃப்ரீ சர்வீசு" என்றார் அவர். டூல்ஸ் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார்.

அவள் ஒதுங்கினாள். அவர் நேரே அடுப்படிக்குப் போய்க் கிரைண்டருக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருக்கிறாராம், இரண்டு மணிக்கு வருவாராம். நான் அவள் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொள்ளவில்லை.

"விளம்பரம் பாத்தியா சாமி?" என்றேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

"தெனம் வந்துச்சும்மா. ஒரு நாளும் தாண்டி உடலை. ஆஸ்பத்திரில இருந்த மூணு நாள்தான் பாக்கல." தலையைக் குனிந்துகொண்டாள். "எம்பேரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பே. கடைசில எனக்கு எதாச்சும் சொல்லுவியோன்னு பாத்துட்டே இருப்பேன்."

கடைசியில் நான் சொல்வது: "தள்ளுபடி தீபாவளி வரைக்குந்தானுங்க." நாற்பது நாளாக அவள் அதைக் கேட்டிருக்கிறாள். லட்சத்து எண்பதாயிரம் பேரிடம் போன வீடியோவில் என் பெண்ணுக்கென்று ஒரு வார்த்தை வைக்க எனக்குத் தோன்றவில்லை. களி கிண்டிக் காட்டினால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

அங்கேயே நின்று சொன்னேன். "அன்னைக்கு நான் போனை வெச்சது தப்பு சாமி. உம்பேச்சை முழுசாக் கேட்டிருக்கோணும். நாந்தான் வெச்சேன்."

அடுப்படியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அவர் திரும்பாமலே, கிரைண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவ வெக்கல கண்ணு. நாந்தான் வெக்கச் சொன்னேன்."